கடைசி வீட்டுத் தகடு

குடியிருப்பை மாநகராட்சியோடு சேர்த்த மறுவாரமே, வீட்டுக்கு வீடு எண் தகடு அடிக்கும் வேலை மாநகராட்சி ஊழியர் ஒருவரின் தலையில் விழுந்தது. எல்லாம் பழைய சுவர்கள். ஆணி இறங்கினால் உள்பக்கம் காரை பொலபொலவென்று உதிரும். அதனால் சுத்தியலைத் தூக்குமுன் ஒவ்வொரு வீட்டிலும் குரல் கொடுப்பார்: "உள்ளேருந்து சுவரைக் கையால அழுத்திப் பிடிங்க. ஆணி அந்தப் பக்கம் வராது, பயப்படாதீங்க!"

கடைசி வீட்டின் கதவு சாத்தியிருந்தது. அங்கேயும் குரல் கொடுத்தார்.

"பிடிச்சுட்டேன், அடிங்க" என்றது ஒரு பெண் குரல்.

அடித்தார்.

"இன்னும் ஒண்ணு நல்லாப் போடுங்க. விழுந்துடப் போகுது."

ஓங்கி ஒன்று போட்டார்.

பக்கத்து வீட்டு அம்மாள் சாவியோடு ஓடி வந்தாள். "யார்கிட்டங்க பேசுறீங்க? இது எங்க அண்ணி வீடு. அவங்க போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆச்சு. எங்களை மாநகராட்சியில சேர்க்கச் சொல்லி இருபது வருஷம் மனு எழுதினவங்க. நம்பரைப் பார்க்காம கண்ணை மூட மாட்டேன்னு சொல்லிட்டே இருந்தாங்க, பாவம்."

"உள்ளே ஆள் இருக்காங்கம்மா."

அவள் கதவைத் திறந்தாள். தரையெங்கும் தூசி, ஒரு காலடித் தடம்கூட இல்லை. காரை ஒரு துளியும் உதிர்ந்திருக்கவில்லை. தகட்டுக்கு நேர் பின்னால், தூசி படிந்த சுவரில், விரல்களை அகல விரித்த ஒரு கையின் அச்சு மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

அந்த உள்ளங்கையின் நடுவே, ஆணியின் முனை ஒரு நெல் அளவு வெளியே வந்திருந்தது.