இரண்டு கையெழுத்து

"அண்ணை, கதவைத் திறவுங்கோ! வீடு பார்க்க ஆக்கள் வந்து நிக்கினம்."

நிரஞ்சனா விடாமல் மணியை அடித்த பிறகுதான் யோகலிங்கம் கதவைத் திறந்தார். வந்த ஜெர்மன் தம்பதியை வரவேற்பறைக்குக்கூட விடாமல் நேராக நிலவறைக்கு அழைத்துப்போய், சுவரில் ஊறியிருந்த ஈரத்தைக் காட்டினார். விலை மலிவு என்பதால் அவர்கள் அதற்கும் தலையசைத்துவிட்டுப் போனார்கள்.

வீட்டு முகவரான நிரஞ்சனாவுக்குப் பொறுமை போய்விட்டது. டோர்ட்மண்டில் இருக்கும் இந்த வீட்டுக்குத் தவணை கட்டாமல் நெடுநாளாகிவிட்டது. கடனைவிடக் குறைந்த விலைக்கு விற்றாலும் மிச்சத்தை விட்டுவிடுவதாக வங்கி இறங்கி வந்திருந்தது. ஆனால் யோகலிங்கமும், அவரைப் பிரிந்து கெல்சென்கிர்ச்சன் நகரில் இருக்கும் மனைவி இராஜேஸ்வரியும் சேர்ந்து கையெழுத்து வைக்க வேண்டும்.

"முந்தி வாங்க வந்த ஆக்களுக்குப் பத்திரம் முடிக்க நொத்தாரிசிட்டை நாள் குறிச்சு எடுத்த ஒரு டெர்மினுக்கும் நீங்கள் வரேல்லை. ஏலத்துக்குப் போனா வீடும் போய், கடனும் தலையிலை நிக்கும், அண்ணை."

"தெரியும், பிள்ளை."

"பிறகேன் இழுத்தடிக்கிறியள்?"

யோகலிங்கம் மாடிப்படியில் உட்கார்ந்தார்.

"அவ கோவிச்சுக்கொண்டு போனவ. வீடெண்டு ஒண்டு இருந்தாத்தானே திரும்பி வருவா?"

நிரஞ்சனா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"அக்கா வரமாட்டா, அண்ணை. கெதியா வித்து முடிக்கச் சொல்லி என்னட்டைச் சொன்னவ."

"அவவே சொன்னவ?"

"ஓம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அப்ப சரி. அடுத்த டெர்மினுக்கு வாறன்."

சொன்னபடியே வந்தார். வீட்டை வாங்கும் அந்த ஜெர்மன் தம்பதிக்கு எதிரே உட்கார்ந்து, நொத்தாரிசு பத்திரத்தை வாசித்து முடிக்கும்வரை யோகலிங்கமும் இராஜேஸ்வரியும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அவர் கையெழுத்து வைத்துவிட்டுப் பேனாவை மேசையில் வைத்தார். இராஜேஸ்வரி அதை எடுத்துத் தன் கையெழுத்தை வைத்தாள்.

வெளியே வந்ததும், யாருக்கென்று இல்லாமல் "வாறன்" என்று சொல்லிவிட்டு யோகலிங்கம் ரயில் நிலையத்துப் பக்கம் நடந்தார். அவர் கூட்டத்தில் மறையும்வரை இராஜேஸ்வரி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு மாதிரி நல்லபடியா முடிஞ்சுது, அக்கா" என்றாள் நிரஞ்சனா.

"ஓம். முடிஞ்சுது." இராஜேஸ்வரி கண்ணைத் துடைத்தாள். "முதியோர் இல்லத்திலை எனக்கு நிரந்தர வேலை கிடைச்சிட்டுது, பிள்ளை. ரெண்டு பேரின்ரை சம்பளத்தையும் காட்டினா தவணையைத் தள்ளித் தரலாம் எண்டு வங்கியிலையும் சொன்னவை. திரும்பிப் போவம் எண்டுதான் இருந்தனான்."

"அப்ப ஏன் அக்கா..."

"எப்ப வித்துத் துலைப்பம் எண்டு அவர் நிக்கிறார் எண்டு நீங்கள்தானே ரெலிபோனிலை சொன்னனீங்கள்? பிறகு என்ன முகத்தோடை போறது?"

மற்றவர்தான் விற்க அவசரப்படுவதாக இருவரிடமும் ஒரே பொய்யைச் சொல்லியிருந்த நிரஞ்சனா, கையிலிருந்த பத்திரப் பிரதியை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.