ஏழாம் எண் பக்கத்துக் கீறல்

காசிமேட்டில் மீன் வெட்டும் தேசம்மாளின் இடது கையில் மூன்று வருடமாக ஒரு கடிகாரக் கம்பெனி மாட்டிவிட்ட வெண்கலக் கடிகாரம் பூட்டியிருந்தது. உழைக்கிறவர்கள் கையில் தேய்ந்த கடிகாரங்கள் பதினொன்றை மட்டும் அந்தக் கம்பெனி அடுத்த மாதம் விற்பனைக்கு வெளியிடப் போகிறது. தன்னுடையதை ஒப்படைத்துவிட்டால், கம்பெனி தரும் மாதப் படியில் அவள் கத்தியைக் கீழே வைக்கலாம். அவளுடைய விரல்கள் மரத்துப் போய் ஒரு வருடம் ஆகிறது.

"ஏழாம் நம்பர் பக்கத்துல இருக்கிற கீறல் வஞ்சிரமா, சுறாவான்னு வாங்கப் போறவங்க பந்தயமே கட்றாங்கக்கா," என்றாள் கம்பெனிப் பெண் ரெபேக்கா.

"ரெண்டும் இல்லம்மா. கொடுவா முள்ளு."

ஆயுத பூஜையன்று தேசம்மாள் அசதியில் தூங்கிவிட்டாள். கணவன் குப்புராஜ் கத்தியையும் தராசையும் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்தான். பிறகு அவள் கையைத் தன் மடியில் வைத்துக் கடிகாரத்தையும் தேய்த்து, குங்குமம் வைத்தான்.

மறுநாள் ரெபேக்கா அதை வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல கீறல் ஒண்ணுமே இல்லையேக்கா. மறுபடியும் மூணு வருஷம் போட்டிருக்கணும்."

"பளபளன்னு இருந்தா அவங்களுக்குப் புடிக்கும்னு நெனச்சேன்," என்றான் குப்புராஜ், தலையைக் குனிந்துகொண்டு.

தேசம்மாள் அவனைத் திட்டவில்லை.

"எம்மா நேரம்யா தேய்ச்ச?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."

அவள் மணிக்கட்டைக் கிள்ளிப் பார்த்தாள்.

"விரல் மட்டுந்தான் மரத்துப் போச்சுன்னு இருந்தேன்," என்று சொல்லிவிட்டு, கத்தியை எடுத்தாள்.