ஆறு பதினான்கு

சூரியன் மணல்மேட்டுக்குப் பின்னால் இறங்கியதும் அவன் முதல் படத்தை எடுத்தான்.

காற்று டிரைபாடை ஆட்டப் பார்த்தது. அதன் கால்களை சிக்கந்தர் அண்ணன் மண்டியிட்டு இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார். அவர் கம்பெனி டிரைவர், கீழக்கரைப் பக்கம். வெள்ளிக்கிழமை அவருக்கும் லீவுதான். இவன் கேட்டான் என்பதற்காக மஸ்கட்டிலிருந்து நான்கு மணி நேரம் ஓட்டி வந்திருந்தார்.

"நோன்பு திறக்க நேரமாச்சு தம்பி," என்றார்.

பத்தடி தள்ளி அவருடைய பை கிடந்தது. தண்ணீர் அதில்தான் இருந்தது.

"ஒரே நிமிஷம்ணே. கையை மட்டும் எடுத்துராதீங்க."

கேமராத் திரையில் அந்தப் படத்தைப் பார்த்தான். ஓரத்தில் எடுத்த நேரம்: ஆறு பதினான்கு.

மூன்று வருடமாக அவன் மனதில் வைத்திருந்த படம் அது. மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவந்து கிடந்தன. மணலின் ஒவ்வொரு வரியும் விழுந்திருந்தது. இனி எடுக்க ஒன்றுமில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இன்னும் ஒன்று எடுத்தான்.

ஆசை யாரை விட்டது. வானம் ஊதாவானது. அதை எடுத்தான். ஊதா சாம்பலானது. அதையும் எடுத்தான். வெளிச்சம் குறையக் குறைய ஒவ்வொரு படத்துக்கும் லென்ஸ் கூடுதல் நேரம் திறந்திருக்க வேண்டும். அத்தனை நேரமும் டிரைபாட் அசையக்கூடாது.

அசையவில்லை.

விடிவதற்கு முன் சாப்பிட்ட மனிதர். மத்தியானம் இவன் காருக்குப் பின்னால் போய், அவர் கண்ணில் படாமல்தான் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தான். அந்த அளவுக்கு இங்கிதம் தெரிந்தவன்.

ஒரு விஷயத்தை இரண்டாம் தடவை கேட்கிற வழக்கம் சிக்கந்தர் அண்ணனுக்கு இல்லை. அதுவும் இவனுக்குத் தெரியும்.

கடைசிப் படம் ஆறு நாற்பத்தொன்று.

"போதும்ணே," என்று திரும்பினான். அவர் உதடு வெள்ளை பூத்திருந்தது. கையை எடுத்தார். விரல்கள் மடங்கியபடியே இருந்தன.

இவன் ஓடிப்போய்ப் பையைத் தூக்கி வந்தான். மூடியைத் திறந்து கொடுத்தான். செய்ததெல்லாம் அவ்வளவுதான். அவர் வாய்க்குள் ஏதோ ஓதி, பேரீச்சம்பழம் ஒன்றைப் போட்டுக்கொண்டு, தண்ணீரை மெல்லக் குடித்தார்.

பிறகு பிளாஸ்கைத் திறந்து மூடியில் கஞ்சி ஊற்றி இவனிடம் நீட்டினார்.

"குடிங்க தம்பி. உங்களுக்கும் சேத்துத்தான் எடுத்தாந்தேன்."

வாங்கிக் குடித்தான். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால், எதற்கு என்று கேட்பார். அதுதான் பயமாக இருந்தது.

அவர் துண்டை விரித்துத் தொழப் போனார். அவன் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். முப்பத்திரண்டு படங்கள். முதலாவதற்குப் பின் வந்தவை எல்லாம் வீண்.

இருபத்தேழு நிமிடம்.

வெட்கம் பிடுங்கித் தின்றது.

தொழுது முடித்து, மணலைத் தட்டிக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எது நல்லா வந்துச்சு தம்பி? காட்டுங்களேன்."

ஆறு பதினான்கு திரையில் வந்தது. அவன் விரல் அதன்மேல் நின்றது. பிறகு அவசரமாகத் தள்ளியது. அடுத்தது, அதற்கடுத்தது என்று கடைசிவரை தள்ளிக்கொண்டே போனான்.

வானமும் மணலும் பிரித்தறிய முடியாத ஒரு மங்கலில் வந்து நிறுத்தினான்.

"இதுதாண்ணே. இது ஒண்ணுதான் சரியா வந்திருக்கு."

சிக்கந்தர் அண்ணன் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கேமராவை இரண்டு கையாலும் வாங்கினார். நெடுநேரம் பார்த்தார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல. இப்படி ஒண்ணு வரும்னா, இன்னும் கொஞ்ச நேரம்கூடப் பிடிச்சிருப்பேனே தம்பி."