சீக்கிரம் நின்ற ரத்தம்

ஞாயிற்றுக்கிழமை காலை. பேகம்பூர் கறிக்கடையில் நல்ல கூட்டம். கொழுப்பை நறுக்கிக்கொண்டிருந்த ஹஸ்ஸானின் கத்தி வழுக்கி, இடது கட்டைவிரலில் பட்டுவிட்டது. ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்தது.

வரிசையில் முதல் ஆளாக நின்ற சூசைமுத்து பதறினார். "அய்யோ பாய்!"

கல்லாவில் இருந்த ஹஸ்ஸானின் மனைவி நர்கீஸ் ஒரு துணியை எடுத்துக் கொடுத்தாள். "அழுத்திப் புடிங்க" என்றாள். அவ்வளவுதான். உடனே செல்போனை எடுத்து மணி பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

சூசைமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆட்டோவக் கூப்பிடு தாயி! நெஞ்சுல ஸ்டென்ட் வச்ச மனுசன். நீ பாட்டுக்கு போனை நோண்டிக்கிட்டு இருக்க!"

"செத்த பொறுங்கண்ணே."

சரியான கல்நெஞ்சுக்காரி என்று மனதுக்குள் திட்டினார்.

ஹஸ்ஸான் துணியை விலக்கினார். ரத்தம் நின்றிருந்தது.

"மாதா காப்பாத்திட்டா!" என்றார் சூசைமுத்து.

நர்கீஸ் பொத்தென்று உட்கார்ந்து அழுதாள். "அஞ்சு நிமிசம்கூட ஆகல! எத்தனை நாளா மாத்திரை போடல நீங்க?"

ஹஸ்ஸான் துணியைத் திரும்பவும் விரலில் சுற்றினார்.

"நின்னது நல்லதுதானே தாயி?"

"இல்லண்ணே. ரத்தத்துல தட்டணுன்னு இருக்காம். காயம்பட்டா ஒன்னு போய் ஒட்டிக்கிட்டு மத்ததையும் கூப்பிடுமாம். எல்லாம் கூடி அடைச்சுக்கிருமாம். ஸ்டென்ட்டுல போய் அப்படிக் கூடுச்சுன்னா உசுரே போயிரும்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. அதுக கூடாம இருக்கத்தான் மாத்திரை. போட்டிருந்தா இம்புட்டுச் சீக்கிரம் நிக்காது. போன மாசம் வெட்டுப்பட்டப்ப கால் மணி நேரம் நிக்கலன்னு இவரே சொன்னாரு."

ஹஸ்ஸான் தலையைக் குனிந்துகொண்டே பேசினார்.

"அன்னிக்கு நீ கடையில இல்ல நர்கீஸ். நிக்காம கறியில சொட்டிருச்சு. 'மனுச ரத்தம் பட்ட கறிய எவன் திம்பான்'னு ஒருத்தர் கடையே கேக்கச் சத்தம் போட்டாரு. அவர் சொன்னதும் நாயந்தானே? அசுத்தப்பட்டத விக்கிறது பாவமில்லையா? அம்புட்டுக் கறியையும் குழிவெட்டிப் பொதைச்சேன். அன்னைக்கே மாத்திரையையும் நிறுத்திட்டேன்."

"உசுர விடவா கறி பெருசு? யாரு அந்த ஆளு?"

ஹஸ்ஸான் நிமிர்ந்து சூசைமுத்துவைப் பார்த்தார். பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"யாரோ வெளியூர்க்காரரு. விடு."

சூசைமுத்து கையில் இருந்த பையைக் கல்லாவின் மேல் வைத்தார்.

"வெளியூரு இல்ல தாயி" என்றார். "நான்தான்."