பிரமிளாவின் குரல்

சுகந்தியின் கம்பெனியில் சுகந்தி மட்டும்தான் இருந்தாள். கம்ப்யூட்டர், சர்வர் கோளாறுகளைச் சரிசெய்யும் வேலை. அதே தெருவில் இன்னும் இரண்டு கம்பெனிகள் அதைச் செய்தன. தனி ஆள் என்று தெரிந்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதால், போனில் "சப்போர்ட்டுக்கு கனெக்ட் பண்றேன் சார்" என்பாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பிரமிளா பேசறேன்" என்பாள். பிரமிளா நிதானமானவள். கத்துகிறவர்களிடமும் சிரித்துப் பேசத் தெரிந்தவள். சுகந்திக்கு அது ஒருநாளும் வந்ததில்லை.

ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது பற்றிப் பேச ஜவுளிக்கடை முதலாளி நேரில் வந்தார். அவர் கைவிட்டால் கம்பெனியே இல்லை. பிரமிளாவின் இடம் என்று தோன்றும்படி, பக்கத்து நாற்காலியில் சுகந்தி ஒரு துப்பட்டாவைப் போட்டு வைத்திருந்தாள்.

"பிரமிளா வெளிய போயிருக்கா சார்."

"தெரியும்மா. காலையில அந்தப் பொண்ணே போன் பண்ணுச்சு. உங்ககிட்டருந்து விலகி, தனியா கம்பெனி ஆரம்பிக்குதாமே. அது பேசினாலே எங்களுக்குப் பாதிக் கவலை போயிடும். இனிமே அதுகிட்டயே குடுத்துடறோம், தப்பா நினைக்காதீங்க."

அவர் போனதும் கதவைச் சாத்தினாள். குரலைத் தாழ்த்தி, "பிரமிளா பேசறேன்" என்று சொல்லிப் பார்த்தாள். திரும்பவும் சொன்னாள். சுகந்தியின் குரல்தான் வந்தது.