பெயிண்ட் காயட்டும்

இந்தக் காலத்துப் பிள்ளைகள் பெற்றவனைவிடக் காரைத்தான் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். ஒடுக்கு எடுத்து, புதுப் பெயிண்ட் அடித்துக் கார் பட்டறையிலிருந்து வந்த நாள் முதல் என்னைச் சாவியைத் தொட விடவில்லை.

"பெயிண்ட் இன்னும் காயலப்பா. ஓட்டினா உரிஞ்சிடும்" என்றான் மகன்.

"நீ மட்டும் தினம் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போறியே?"

"அவர் மெதுவா ஓட்டுவார் மாமா" என்று முந்திக்கொண்டாள் மருமகள்.

இரண்டு பேரும் சொல்லிவைத்தாற்போல் பேசினாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். நேராகப் பட்டறைக்கே நடந்தேன். பெயிண்டர் ஒரு கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, புதுப் பெயிண்ட் அடிச்ச வண்டியை ஓட்டலாமா?"

"தாராளமா ஓட்டலாம் பெரியவரே. ஒரு மாசத்துக்கு சோப்பு, பாலிஷ் மட்டும் போடாதீங்க. காக்கா எச்சம் விழுந்தா உடனே தண்ணி ஊத்திக் கழுவிடுங்க. உங்க வண்டி எது?"

"நீலக் கார். முன்பக்கம் நசுங்கி வந்துச்சே."

அவன் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"எதிர்வீட்டு மதிலை உங்க வீட்டு கேட்டுன்னு நினைச்சு வண்டியை உள்ள விட்டது நீங்கதானா? ஐயையோ, அந்தப் பெயிண்ட் காய நாளாகுமே!"

"எவ்வளவு நாள்?"

"நீங்க கண் ஆபரேஷன் பண்ணிக்கிற வரைக்கும்."

இவனையும் கைக்குள் போட்டுக்கொண்டுவிட்டார்கள். என் கண்ணுக்கு என்ன கேடு? மதிலுக்கு எங்கள் கேட்டின் நிறத்தையே அடித்து வைத்தவனை மட்டும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கூட்டுக் களவாணிகள் என்று திட்டிக்கொண்டே நடையைக் கட்டினேன்.