இரண்டரை அடி நிழல்

கணினித் திரையில் ஒரு கிடங்கு எழும்பி நிற்கிறது. சுவரைத் தாண்டி இரண்டரை அடி நீளும் கூரை விளிம்பான இறவாரத்தை, சரிவும் தகட்டின் கனமும் இம்மி பிசகாமல் அவள் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறாள். திரையில் உச்சி வெயில். இறவாரத்து நிழலில், உயரம் தெரிவதற்காக அவள் ஒட்டிய ஆள் படம்: வாட்ச்மேன் சீருடையில் சிரிக்கும் அவளுடைய அப்பா. கிடங்குச் சொந்தக்காரர் அதில் விரலை வைக்கிறார். “யாரும்மா இது?” “யாரோ சார்… சும்மா அளவுக்கு.” “நெழல் இருந்தா நாளைக்கு இப்படித்தான் கண்டவனும் வந்து நிப்பான். அரை அடியாக் குறைச்சிடு.” அவள் இரண்டரையை அரை என்று மாற்றுகிறாள். கூரை பின்வாங்குகிறது; நிழல் சுவரோடு போய் ஒட்டிக்கொள்கிறது. “இப்பதாம்மா லட்சணமா இருக்கு.” தலையில் வெயில் இறங்க, அப்பா அதே சிரிப்போடு நிற்கிறார்.